வாசனை இல்லாத கட்டடம்

ஓர் அறைக்குள் நுழையும் முன் அந்த அம்மா வாசலில் நின்றுவிடுவார். ஒரு கையில் வாளி, மறு கையில் மாப்புக் கட்டை. கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார். நான் எண்ணியிருக்கிறேன்: நான்கு நொடி, சில நாள் ஐந்து. பிறகு நேராக எதிர்ச்சுவருக்குப் போய் ஜன்னலைத் திறப்பார். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"மொதல்ல காத்து வரட்டும் சார். பாதி வேலைய அது செஞ்சிடும். மீதிதான் எனக்கு."

எங்கள் கட்டடத்தில் நாற்பத்தாறு ஜன்னல்கள். கழிப்பறைகளின் சிறு ஜன்னல்களையும் சேர்த்தால் ஐம்பத்து நான்கு. காலை ஏழு மணிக்கு வந்தால் ஏழே முக்காலுக்குள் ஐம்பத்து நான்கும் திறந்திருக்கும். எனக்கு அது பிடிக்காது. கொசு வரும், புறா வரும், பஸ் புகை வரும் என்று தினமும் ஏதாவது ஒரு காரணம் சொல்வேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே அடுத்த ஜன்னலைத் திறப்பார்.

எங்கள் கட்டடம் என்று சொன்னது பழக்கத்தில் வந்துவிட்டது. அது என் மனைவியின் தம்பியுடையது. கடலூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து எட்டு நிமிட நடையில் இருக்கும் வணிக வளாகம். கீழே மருந்துக்கடையும் ஜூஸ் கடையும். முதல் மாடியில் பல் டாக்டர், ஸ்கேன் சென்டர். இரண்டாவதில் அரசுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் மையம். மூன்றாவது மாடி காலி. மாடிக்கு இருபத்திரண்டு வீதம் அறுபத்தாறு படிகள். நான் பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையின் எடைமேடையில் முப்பத்திரண்டு வருடம் கரும்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவன். ஓய்வு பெற்று வந்ததும் மச்சான் என்னிடம், "மாமா, சும்மா ஒக்காந்து ஃபேன் எத்தினி சுத்து சுத்துதுன்னு எண்ணுறதுக்கு நம்ம பில்டிங்கப் பாத்துக்கங்க" என்றான். நானும் அன்றிலிருந்து கட்டடத்தை எண்ணத் தொடங்கினேன்.

அந்த அம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே என் எண்ணிக்கையில் ஒரு கோளாறு தெரிந்தது. அதற்கு முன் மாதத்துக்குப் பதினொரு பாட்டில் ஃபினாயிலும் ஆறு பாட்டில் ஆசிட்டும் தீரும். அவர் வந்த மாதம் ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. பதினேழும் அலமாரியில் வரிசையாக நின்றன. ஸ்கேன் சென்டரில் இருந்தும் கேட்டுவிட்டார்கள், இப்போதெல்லாம் தரை துடைக்கிறீர்களா இல்லையா, வாசனையே வரவில்லையே என்று. நான் அவரைக் கூப்பிட்டேன்.

"இந்தாம்மா, தரைய எதால தொடைக்கிற?"

"தண்ணியால சார்."

"வெறும் தண்ணியாலயா?"

"வெறும் தண்ணின்னா? ரெண்டு வாளி வச்சிருக்கேன். ஒண்ணுல அலசுவேன், ஒண்ணுல நனைப்பேன். அழுக்குத் தண்ணியிலயே மாப்ப முக்கி முக்கித் தேய்ச்சாதான் சார் ஃபினாயில் வேணும்."

"நீ தொடைச்சேன்னு மத்தவங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஒரு வாசனையும் வரலியே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் இல்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்கிற ஆளைப் பார்ப்பதுபோல.

"சுத்தத்துக்கு ஏது சார் வாசன? வாசன அடிச்சா அங்க என்னாவோ கெடக்குதுன்னு அர்த்தம். ஒண்ணு அழுக்கு கெடக்கும். இல்ல, மருந்து கெடக்கும். கைய வச்சுப் பாருங்க."

நான் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு படிக்கட்டின் மூலைகளில் தேய்த்துப் பார்த்தேன். அறுபத்தாறு படிகளுக்கு இரண்டு மூலை வீதம் நூற்றுமுப்பத்திரண்டு மூலைகள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவருடைய சாமான்கள் எதுவும் கடையில் வாங்கியவை அல்ல. வாசலில் மூன்று கோணிச் சாக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக விரித்திருப்பார். முதல் இரண்டும் உலர்ந்தவை, மூன்றாவது ஈரச் சாக்கு. உள்ளே வருகிறவர்கள் ஆறு அடி எடுத்து வைத்தால்தான் தரைக்கு வர முடியும். "தெருவுத் தூசி தெருவுலயே நிக்கட்டும் சார். உள்ள வந்தப்பறம் அத நான் ஏன் தொரத்தணும்?" ஒருநாள் நான் மருந்துக்கடைத் தராசை வாங்கி, அந்தச் சாக்குகளை உதறியதில் விழுந்த தூசியை எடை போட்டேன். முந்நூற்று எண்பது கிராம். ஒருநாள் தூசி! அத்தனையும் முன்பு எங்கே போய்க்கொண்டிருந்தது என்று யோசித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பழைய புடவைகளைக் கிழித்து வைத்திருப்பார். சிவப்பு கழிப்பறைக்கு, பச்சை மேஜைகளுக்கு, வெள்ளை கண்ணாடிக்கு. ஒருமுறை பல் டாக்டரின் உதவியாளர் அவசரத்தில் சிவப்புத் துணியால் டாக்டர் உட்காரும் நாற்காலியைத் துடைத்துவிட்டார். அந்த அம்மா நாற்காலியை வெளியே தூக்கிப்போட்டு வெயிலில் கழுவிய பிறகுதான் உள்ளே விட்டார். டாக்டரே நின்றுகொண்டு காத்திருந்தார்.

ஜூஸ் கடையில் பிழிந்துபோடும் எலுமிச்சைத் தோல்களை வாங்கி, வெல்லமும் தண்ணீரும் சேர்த்து மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் ஊறப்போடுவார். மூன்று மாதம் ஊறிய தண்ணீரை வடிகட்டிக் கழிப்பறைக்குப் பயன்படுத்துவார். ஜூஸ் கடை பாய் கிண்டல் செய்வார்.

"என்னாக்கா, எங்கடைக் குப்பையில ஊறுகா போடுறியா?"

"ஆமா பாய். ஒங்களுக்கும் ஒரு பாட்டிலு தரேன். வூட்ல குடுங்க, மிக்சி ஜாரக் கழுவச் சொல்லுங்க. அது எத்தினி நாளாக் கழுவலன்னு எனக்கு இங்கேருந்தே தெரியுது."

"அக்கா மூக்கு ஜாஸ்தி நீளம்" என்று பாய் ஜாரை எடுத்து மறைத்துக்கொள்வார்.

மூக்கு உண்மையிலேயே நீளம்தான். ஸ்கேன் சென்டரின் ஏசியில் பூஞ்சை பிடித்திருப்பதை மெக்கானிக் வருவதற்கு இரண்டு நாள் முன்பே சொன்னவர் அவர். அதைக் கழற்றிக் கழுவியபோது வந்த தண்ணீரை நான் பார்த்தேன். தேநீர் நிறத்தில் இருந்தது.

எனக்கு ஓர் இருமல் உண்டு. கரும்புச் சக்கைத் தூளில் வேலை பார்த்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்டது. காலையில் அறுபத்தாறு படிகளையும் ஏறி மேலே போகும்போது எத்தனை முறை இருமுகிறேன் என்று எண்ணுவேன். வேலைக்கு வந்த புதிதிலிருந்து பதினான்கு. அந்த அம்மா வந்து மூன்று மாதத்தில் அது ஏழானது. பிறகு நான்கு. மழைக்காலத்திலும் நான்குதான். பருவநிலை மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அவர் ஊர் குமராட்சி பக்கம். கடலூர் முதுநகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். அதற்கு முன் ஒன்பது வருடம் சிதம்பரத்தில் ஒரு லாட்ஜில் துப்புரவு வேலை. இதைச் சொன்னது நான் கேட்டதால் அல்ல. நான் ஆசிட் பாட்டில்களையும் பிளீச்சிங் பவுடர் மூட்டையையும் மூன்றாவது மாடியில் ஒரே அலமாரியில் வைத்திருந்தேன். ஒரே இடத்தில் இருந்தால் எண்ணச் சுலபம். அவர் பவுடரை எடுத்துக் கீழே படிக்கட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைப்பார். நான் மறுபடி மேலே கொண்டுவருவேன். இப்படி ஐந்து முறை நடந்தது. ஆறாவது முறை மூட்டையைக் கீழே கொண்டுபோகும்போது அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"லாட்ஜுல எங்கூட ஒரு அக்கா வேல செஞ்சுது சார். கோயில்ல தரிசனத் திருவிழா வந்துச்சுன்னா ஒரு ரூமுக்கு ஒரு நாள்ல மூணு பார்ட்டி. பாத்ரூம்ல பவுடர் தூவியிருந்துச்சு. தெரியாம அது மேலயே ஆசிட்ட ஊத்திடுச்சு. வராண்டாவுக்கு நாத்தம் வரக்கூடாதுன்னு கதவ வேற சாத்தியிருந்துச்சு. வெளிய வந்தப்ப கண்ணெல்லாம் செவப்பு. அப்பறம் மூணு வருசம் இருமிக்கிட்டே கெடந்து போய்ச் சேந்துச்சு. அன்னிலேந்து இது ரெண்டையும் நான் ஒரே மாடியில வக்க மாட்டேன்."

"மூடி டைட்டா இருக்குதும்மா. ரெண்டும் தானா எந்திரிச்சு நடந்துபோய்க் கலந்துக்குமா?" என்றேன்.

"அது நடக்காது சார். மனுசங்க நடப்பாங்க."

அன்று மாலை பவுடர் மூட்டையை நான் ஆறாவது முறை மேலே கொண்டுவந்து வைத்தேன்.

மூன்றாவது மாடியை வாடகைக்குக் கேட்டுச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் திங்கட்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வந்தான். எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றால் தெருவோரம் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போடுவார்கள். கோடு இருந்தால் சுத்தம் செய்தாயிற்று என்று பொருள். மச்சான் ஆள் வைத்து வாசலிலிருந்து மாடி வரை தூவச் சொன்னான். கழிப்பறைகளிலும் தூவினார்கள். "உள்ள நொழைஞ்சா கமகமன்னு இருக்கணும் மாமா" என்று, வாசனை ஸ்பிரே அடித்து எல்லா ஜன்னல்களையும் மூடச் சொல்லிவிட்டுப் போனான். நான்தான் மூடினேன். ஐம்பத்து நான்கு.

மூன்றாவது மாடிக் கழிப்பறையில் காவி நிறத்தில் ஒரு கறை இருந்தது. போர்வெல் தண்ணீரின் கறை. "அது அழுக்கு இல்ல சார், தண்ணி வுட்ட கோடு. பத்து நாள் குடுங்க, எலுமிச்சத் தண்ணியில ஊறவச்சு எடுத்துடுறேன்" என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். என்னிடம் பத்து நாள் இல்லை, ஒரு நாள்தான் இருந்தது. அவர் முதல் மாடியில் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னால் வேண்டாம் என்பார். அலமாரியைத் திறந்து மூன்று பாட்டில் ஆசிட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். வாசனை வெளியே போகக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டேன். காலுக்குக் கீழே பவுடர் வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் ஊற்றினேன். அவர் சொன்ன கதை அப்போது என் நினைவுக்கு வரவே இல்லை.

முதல் பாட்டிலிலேயே மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை கிளம்பியது. கறை போகவில்லை, ஊற்றியது போதாது என்று நினைத்து மற்ற இரண்டையும் ஊற்றினேன். அதன் பிறகு தொண்டையை யாரோ உள்ளிருந்து பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் அங்கே கிடந்தேன் என்று தெரியாது. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்ட நிமிடங்கள் அவைதான்.

கண் திறந்தபோது என் சட்டைக் காலரைப் பிடித்து யாரோ படிக்கட்டில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா. மற்ற யாருக்கும் வாசனை தெரியும் முன்பே முதல் மாடியில் இருந்த அவர் மூக்கு அதைப் பிடித்திருக்கிறது. என்னை இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்காரவைத்தார். கீழே ஓடி மூன்று சாக்குகளையும் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து வந்தார். முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு மறுபடி மேலே போனார். மாப்புக் கட்டையால் கழிப்பறை ஜன்னல் கண்ணாடியை உடைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவைச் சாத்தும் சத்தம். அந்தப் புகை மேலே போகாது, படி வழியாகக் கீழே இறங்கும் என்று அவருக்குத் தெரியும். ஈரச் சாக்குகளைக் கதவிடுக்கில் திணித்துவிட்டு வந்தார்.

இரண்டாவது மாடியில் பயிற்சி மையம் நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்கு மாதிரித் தேர்வு.

"எல்லாரும் எறங்குங்க! எந்திரிங்க!"

"டெஸ்ட் போய்க்கிட்டு இருக்குதுக்கா. ஒரு பத்து நிமிசம்" என்றார் ஆசிரியர்.

"டெஸ்ட்ட நாளைக்கி எழுதலாம் சார். மூச்ச இன்னிக்கே வுடணும். எறங்கச் சொல்லுங்க!"

என்னை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுபோய் ஜூஸ் கடை எதிரே உட்காரவைத்தார்கள். மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு வரிசையாக வெளியே வந்தார்கள். கண்ணில் தண்ணீர் வழிய எண்ணினேன். அறுபத்திரண்டு பேர். ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டுக் கடைசியாக அந்த அம்மா வந்தார். பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

எனக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அவருக்குப் பத்தொன்பது நாள்.

மூன்றாம் நாள் மச்சான் வீட்டுக்கு வந்தான். "மாமா, அந்தம்மா தெரியாம ரெண்டையும் கலந்துட்டாங்கன்னு சொல்லியிருக்கேன். நீங்க எதுவும் பேசிக்காதீங்க. இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்கு இந்தத் தலவலி?" என்றான். பயிற்சி மையத்துக்காரர் பார்க்க வந்தபோது, "படிக்காதவங்க, அவுங்களுக்கு என்னா சார் தெரியும், பாவம்" என்றார். தலையாட்டினேன். பல் டாக்டரிடம் ஒரு முறை தலையாட்டினேன். மருந்துக்கடைக்காரரிடம் ஒரு முறை. பாயிடம் ஒரு முறை. பாய் மட்டும் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அக்காவா சார் கலந்துச்சு?" என்று கேட்டார். ஆக நான்கு முறை தலையாட்டியிருக்கிறேன். ஒரு பொய்கூட வாயால் சொல்லவில்லை என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த அம்மா வேலைக்குத் திரும்பவில்லை. மகள் அவரை ஊருக்கே அழைத்துப்போய்விட்டதாகச் சொன்னார்கள். நானும் அதன் பிறகு கட்டடத்துக்குப் போகவில்லை.

எட்டு மாதம் கழித்து, போன வாரம், சிதம்பரத்தில் நெஞ்சு டாக்டரிடம் போயிருந்தேன். எனக்கு டோக்கன் இருபத்து மூன்று. பெஞ்சின் மறுகோடியில் டோக்கன் பதினேழு உட்கார்ந்திருந்தது. முகம் பாதியாகியிருந்ததால் முதலில் தெரியவில்லை. மடியில் இன்ஹேலரின் நீலக் குப்பி. அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார்.

"சார்... இருமல... வச்சே சொன்னேன்... நீங்கதான்னு."

இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. நான் எண்ண விரும்பவில்லை. எண்ணாமல் இருக்கத் தெரியவில்லை.

"எப்பிடிம்மா இருக்கீங்க?" என்றேன். அவரை நான் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"இருக்கேன். ஒங்களுக்கு இருமல்... மறுபடி ஏறிப்போச்சா? மொதல்ல பதினாலு இருமுவீங்க. அப்பறம் ஏழு. அப்பறம் நாலு."

அந்த எண்களை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"நீங்க படியேறுறப்ப... கீழேருந்து எண்ணுவேன் சார். வேற எப்பிடித் தெரியும்... நான் செய்யிற வேல சரியான்னு?"

பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இப்ப எனக்கு வாசனையே தெரியல. கொழம்பு அடிபுடிச்சாலும் தெரியல. பேத்திதான் ஓடியாந்து சொல்லுது. நம்ம பில்டிங்கு... இப்ப என்னா வாசன அடிக்குது சார்?"

அதற்கு இரண்டு நாள் முன்புதான் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். ஃபினாயில் நெடி தெரு வரை வந்தது. மாடி ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன.

"ஒரு வாசனையும் இல்லம்மா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அப்ப... நல்லாத்தான் வச்சிருக்காங்க."

"அன்னிக்கு அதை ஊத்துனது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். மூணு பாட்டிலு. காலி பாட்டிலு காலுல தட்டுச்சே." அவர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியும். அந்தப் புள்ளைங்கதான்... அக்கா கலந்துட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருக்கும். அதான் சார்... ஒரு மாதிரி இருக்கு. நான் போயி அதக் கலப்பனா?"

பதினேழு என்று கூப்பிட்டார்கள். அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

என் டோக்கனுக்கு நான் காத்திருக்கவில்லை. கடலூர் பஸ்ஸில் ஏறினேன். கட்டடத்தின் வாசலில் சாக்குகள் இல்லை. பளபளவென்று தரை, தலையைச் சுற்றவைக்கும் வாசனை. இரண்டாவது மாடி வரை நாற்பத்து நான்கு படிகள், பதினாறு இருமல்கள். பயிற்சி மையத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆசிரியருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. மாணவர்களிடம் பேச ஐந்து நிமிடம் தரச் சொன்னேன். முதலில் எதிர்ச்சுவருக்குப் போய் அங்கிருந்த ஆறு ஜன்னல்களையும் திறந்தேன். ஏசி ஓடுது சார் என்று யாரோ சொன்னார்கள். ஆசிரியர் ஏசியை நிறுத்தினார்.

அன்று தேர்வு எழுதிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். கைகள் உயர்ந்தன. எண்ணினேன், பத்தொன்பது. ஆசிட்டை ஊற்றியது நான், மூன்று பாட்டில், தரையில் பவுடர் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே ஊற்றினேன், அந்த அம்மா அதைத் தொடவே இல்லை, அவர் உங்களை வெளியே கொண்டுவந்தார், அவ்வளவுதான் என்று சொன்னேன். ஒரு பெண் மட்டும், "அக்கா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். சொன்னேன்.

அறுபத்திரண்டில் பத்தொன்பது போக மீதி நாற்பத்து மூன்று பேர். சிலருக்கு வேலை கிடைத்திருக்கும், சிலர் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஆசிரியருக்கும் தெரியவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.